செம்பட்டிச் சாலையில் ஞாயிற்றுக் குடும்பம்

ஞாயிற்றுக் குடும்பத்தில் கோள்கள் எத்தனை என்று கேட்டால் ஐந்தாம் வகுப்பு மாணவன்கூட ‘எட்டு’ என்று சொல்லிவிடுவான். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று பெயர்களையும் வரிசை பிறழாமல் ஒப்புவிப்பான். பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தொலைவு என்றால் ‘15 கோடி கிலோமீட்டர்’ என்பான். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

அதே மாணவனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, சூரியனையும் பூமியையும் சரியான அளவில், சரியான தொலைவில் வரையச் சொல்லிப் பாருங்கள். தாளின் ஓரத்தில் ஆரஞ்சுப் பழம் அளவுக்குச் சூரியனை வரைவான். அதிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, எலுமிச்சை அளவுக்குப் பூமியை வரைவான். கல்லூரிக்கு வந்து இயற்பியல் படிக்கும் மாணவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் வரைகிறார்கள். குற்றம் அவர்களுடையது அன்று. சிறு வயது முதல் பாடநூல்களில் அவர்கள் பார்த்த படம் அப்படி.

பாடநூல் எழுதியவரையும் குறை சொல்வதற்கில்லை. பூமியை 1 செ.மீ. அகலமுள்ள வட்டமாக வரைந்தால், சூரியனை 109 செ.மீ. அகலத்துக்கு வரைய வேண்டும். இரண்டுக்கும் இடையே 117 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அப்படி ஒரு தாளைப் புத்தகமாகக் கட்டுவது எப்படி? ஆகவே கோள்களைப் பெரிதாக்கி, தொலைவுகளைச் சுருக்கி, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடைத்துவிடுகிறார்கள். அந்தப் படம் கோள்களின் வரிசையைச் சொல்லும். அளவைச் சொல்லாது.

புத்தகத்துக்குள் அடங்காததைச் சாலையில் விரித்துப் பார்த்தால் என்ன?

அளவுகோல்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் சாலையில் உள்ள ஊர் செம்பட்டி. பழனி, நிலக்கோட்டைச் சாலைகளும் இங்கே வந்து கூடுகின்றன. தைப்பூசக் காலத்தில் பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் கூட்டம் கூட்டமாக இவ்வூரைக் கடந்து நடப்பார்கள். அந்தச் சாலைச் சந்திப்பில் நம் சூரியனை வைப்போம். அங்கிருந்து திண்டுக்கல் சாலையில் கோள்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போவோம்.

அளவுகோல் மிக எளியது. 1,000 கி.மீ. என்பதை 1 மில்லிமீட்டர் என்று சுருக்குவோம். அப்படியானால் 10 லட்சம் கி.மீ. என்பது 1 மீட்டர் ஆகும். 100 கோடி கி.மீ. என்பது 1 கி.மீ. ஆகும். இந்த மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எந்தப் பாடநூல் எண்ணையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

சந்திப்பில் சூரியன்

சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13 லட்சத்து 90 ஆயிரம் கி.மீ. நம் அளவுகோலில் அது 1.39 மீட்டர், அதாவது சுமார் நாலரை அடி. கட்டை வண்டிச் சக்கரம் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்; ஏறக்குறைய அந்த அளவு. மஞ்சள் துணியை வட்டமாக வெட்டி இரண்டு கழிகளில் கட்டி நிறுத்திவிடலாம்.

நமது சூரியனைப் பற்றி உலகம் அறிந்த செய்திகளில் ஒரு பங்கு செம்பட்டிக்கு மேற்கே தெரியும் பழனி மலைத் தொடரிலிருந்துதான் வந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1899-இல் தொடங்கப்பட்டது. சூரியனின் ஒளிப்படங்கள் இங்கே 1904 முதல் தொடர்ந்து எடுக்கப்பட்டு வந்துள்ளன. சூரிய முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி மறைவதைப் படித்திருப்பீர்கள். அப்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909-இல் இங்கிருந்துதான் கண்டறிந்தார். இன்றும் அது ‘எவர்ஷெட் விளைவு’ என்றே உலகெங்கும் வழங்குகிறது. பெரிய கரும்புள்ளி ஒன்றினுள் நமது பூமி முழுதுமே அடங்கிவிடும் என்றால், சூரியன் எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக் குடும்பத்தின் மொத்தப் பொருளில் 100-க்கு 99.8 பங்குக்கு மேல் சூரியனே. மீதிச் சொச்சம்தான் கோள்களும் நிலாக்களும் நாமும்.

முதல் இருநூறு அடி வைப்பு

சந்திப்பிலிருந்து நடக்கத் தொடங்குவோம். 58 மீட்டரில் புதன். அதன் விட்டம் 4,880 கி.மீ.; நமக்கு 5 மி.மீ. நன்கு முற்றிய ஒரு மிளகை வைத்துவிடுங்கள். காற்று இல்லாத கோள். பகலில் 430 பாகை செல்சியஸ் வரை காய்ந்து, இரவில் உறைநிலைக்கும் 180 பாகை கீழே போய்விடும் இடம்.

108 மீட்டரில் வெள்ளி. விட்டம் 12 மி.மீ. இதற்கு ஒரு சுண்டைக்காய் பொருத்தமாக இருக்கும்.

150 மீட்டரில் நாம் நிற்க வேண்டும். பூமியின் விட்டம் 12,742 கி.மீ. நம் அளவில் 12.7 மி.மீ. இதுவும் ஒரு சுண்டைக்காய்தான்! மலைகளும் கடல்களும், எண்ணூறு கோடி மக்களும், இந்தச் செம்பட்டியும் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இங்கே நின்று திரும்பிச் சந்திப்பைப் பாருங்கள். வண்டிச் சக்கரம் அளவுள்ள அந்த மஞ்சள் வட்டம், வானத்தில் உண்மைச் சூரியன் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதே அளவில் தெரியும். அளவுகோல் சரியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? (வானத்துச் சூரியனை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கவே கூடாது. மேகம் மூடியோ அடிவானில் சிவந்தோ இருக்கையில் கண்ட அளவை நினைவிலிருந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.)

ஒரு முழத்துக்குள் நிலா

பூமிக்கு நிலா எவ்வளவு தொலைவு? சராசரி 3 லட்சத்து 84 ஆயிரம் கி.மீ. நம் சாலையில் 38 செ.மீ.; ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவு. அளவு 3.5 மி.மீ.; ஒரு பாசிப்பயறு. சுண்டைக்காயையும் பாசிப்பயறையும் ஓர் அட்டையில் ஒட்டிவிடலாம்.

1969-க்கும் 1972-க்கும் இடையில் 12 மனிதர்கள் அந்தப் பாசிப்பயறின்மேல் நடந்தார்கள். மனிதன் கால் பதித்த அயல் உலகம் வேறு எதுவும் இல்லை. 2023 ஆகஸ்டு 23 அன்று நமது சந்திரயான்-3 அதன் தென்முனைப் பகுதிக்கு அருகே மெதுவாக இறங்கிற்று. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர். அக்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று சூரியனைக் கவனிக்கிறது. ‘சூரியனுக்குச் சென்ற கலம்’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். நம் சாலையில் அது பூமியைவிட்டு ஒன்றரை மீட்டர்தான் சென்றிருக்கிறது. சூரியன் இன்னும் 148 மீட்டருக்கு அப்பால்.

சூரியன் நிலாவைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு அகலம். தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. ஆகவேதான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலா தன் பாதையில் சற்றே தள்ளியிருக்கும்போது சூரியனுக்கு நேரே வந்தால், அதனால் சூரியனை முழுவதும் மறைக்க முடிவதில்லை. ஓரத்தில் ஒளி வளையம் எஞ்சிவிடுகிறது. 2019 டிசம்பர் 26 காலையில் திண்டுக்கல் வட்டாரத்தில் தெரிந்த வளையச் சூரிய கிரகணம் இதுவே. அன்று வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தவர்களும் உண்டு. பாசிப்பயறு ஒன்று குறுக்கே வந்ததற்காகவா அஞ்சுவது? பாதுகாப்பான வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்ப்பதற்குத்தான் அஞ்ச வேண்டும். 2031 மே 21 அன்று தேனி, மதுரைப் பகுதிகளில் மறுபடியும் ஒரு வளைய கிரகணம் தெரியும். இன்று ஐந்தாம் வகுப்பில் இருப்பவர் அன்று அதை மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லலாம்.

குண்டூசி குத்திய சுண்டைக்காய்

சுண்டைக்காயின் நடுவே ஒரு குண்டூசியைச் செலுத்துங்கள். அதுதான் பூமியின் அச்சு. பூமி இந்த அச்சில் நாளுக்கு ஒருமுறை சுழல்கிறது. அதனால் செம்பட்டியில் அசையாமல் நிற்பதாக நினைக்கும் நீங்கள், உண்மையில் மணிக்கு 1,640 கி.மீ.-க்கும் மேலான வேகத்தில் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறீர்கள். அதோடு பூமி சூரியனையும் சுற்றுகிறது. நம் சாலையில் அது நாளொன்றுக்கு இரண்டரை மீட்டர் வீதம் நகர்ந்து, 940 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தை ஓர் ஆண்டில் முடிக்கும்.

குண்டூசி செங்குத்தாக நிற்கக் கூடாது. 23.4 பாகை சாய்ந்திருக்க வேண்டும். சாலையைச் சுற்றி வரும்போது சாய்ந்த திசையும் மாறக் கூடாது. பருவங்கள் மாறுவதற்கு இந்தச் சாய்வே காரணம். பூமி சூரியனை நெருங்கும்போது கோடையும், விலகும்போது குளிரும் வருகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிக் குளிரில்தான்! நம் சாலையில் அப்போது 147 மீட்டர். ஜூலை முதல் வாரத்தில் 152 மீட்டர். இந்த ஐந்து மீட்டர் வித்தியாசம் பருவத்தை மாற்றப் போதாது.

இந்தச் சாய்வைச் செம்பட்டிப் பள்ளி மைதானத்திலேயே கண்ணால் காணலாம். இவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10.3 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் வடக்கே நகர்ந்து வரும்போது ஏப்ரல் 17-ஐ ஒட்டியும், தெற்கே திரும்பும்போது ஆகஸ்டு 26-ஐ ஒட்டியும் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். அந்நாட்களில் நண்பகலில், செங்குத்தாக நட்ட கழியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ‘நிழலில்லா நாள்’ என்று இதைச் சொல்கிறார்கள். ஆனால் கடிகாரத்தில் 12 மணிக்குப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். நமது இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வகுத்தது. செம்பட்டி அதற்கு மேற்கே ஏறக்குறைய நாலரைப் பாகை தள்ளியிருப்பதால், சூரியன் இங்கே உச்சிக்கு வர 12 மணி 18 முதல் 20 நிமிடம் வரை ஆகும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். ஆகவே மே, ஜூன், ஜூலை மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஏப்ரல் 17-க்கு முன்பும் ஆகஸ்டு 26-க்குப் பின்பும் வடக்கே விழும். நாள்தோறும் நம் காலடியில் விழும் நிழல்தான். இதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்?

மூன்று கோள்கள், மூன்று காற்றுப் போர்வைகள்

பூமியைத் தாண்டி 228 மீட்டரில் செவ்வாய். விட்டம் 6.8 மி.மீ.; ஒரு பட்டாணி. 2013 நவம்பர் 5 அன்று புறப்பட்ட நமது மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 அன்று இதைச் சுற்றத் தொடங்கிற்று.

இங்கே சற்று நின்று திரும்பிப் பாருங்கள். 108-ஆம் மீட்டரில் ஒரு சுண்டைக்காய், 150-இல் இன்னொரு சுண்டைக்காய், 228-இல் ஒரு பட்டாணி. மூன்றும் பாறைக் கோள்கள். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஆனால் வெள்ளியின் தரையில் வெப்பம் 465 பாகை செல்சியஸ், ஈயம்கூட உருகிவிடும். செவ்வாயின் சராசரி வெப்பம் உறைநிலைக்கு 60 பாகை கீழே. நடுவிலுள்ள பூமியில் சராசரி 15 பாகை. நீர் நீராகவே ஓடுகிறது.

சூரியனிலிருந்து உள்ள தொலைவு மட்டுமே இதற்குக் காரணமா? அப்படியானால் சூரியனுக்கு மிக அருகிலுள்ள புதன்தான் வெள்ளியைவிடச் சூடாக இருக்க வேண்டும். அப்படி இல்லையே! வெள்ளியைச் சுட்டெரிப்பது அதன் காற்றுதான். நமது காற்றைப் போல் 90 மடங்கு அழுத்தமுள்ள கனத்த போர்வை அது. அதில் 100-க்கு 96 பங்கு கரியமில வாயு. சூரிய ஒளி உள்ளே புகுந்து தரையைச் சூடாக்குகிறது. அந்தச் சூடு வெளியேற முடியாமல் கரியமில வாயு தடுத்துவிடுகிறது. செவ்வாயிலும் கரியமில வாயுதான். ஆனால் அதன் காற்றழுத்தம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. போர்வை மெலிந்துவிட்டதால் குளிர் நடுக்குகிறது. பூமியின் போர்வையோ அளவானது. அது வெப்பத்தைத் தேக்கிவைக்கவில்லை என்றால், நமது சராசரி வெப்பமும் உறைநிலைக்கு 18 பாகை கீழே போயிருக்கும்.

அந்தப் போர்வையின் தடிமன் என்ன தெரியுமா? காற்று மண்டலத்தின் எல்லையை 100 கி.மீ. என்று கொண்டால், நம் அளவில் பத்தில் ஒரு மில்லிமீட்டர். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தத் தாளின் கனம்தான். சுண்டைக்காயின் தோல்கூட அதைவிடத் தடிப்பு. காற்றில் முக்கால் பங்கு தரையிலிருந்து சுமார் 11 கி.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது, மேகமும் மழையும் ஏறத்தாழ அதற்குள்தான். ஆத்தூர் காமராசர் அணைக்கு நீர் தரும் மழையும், இவ்வட்டாரக் கிணறுகளை நிரப்பும் வடகிழக்குப் பருவமழையும் அந்த மெல்லிய படலத்துக்குள்தான் உருவாகின்றன.

தொழிற்புரட்சிக்கு முன் அப்படலத்தில் 10 லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் அதை 420 பங்குக்கு மேல் உயர்த்திவிட்டோம். பூமி வெள்ளியைப் போல் ஆகிவிடும் என்று பயமுறுத்துவது சரியன்று. ஆனால் தாள் கனமுள்ள ஒரு போர்வையில் சிறு மாற்றமும் மழையையும் வெயிலையும் மாற்றிவிடும். வெள்ளியும் செவ்வாயும் வானத்தில் அழகுக்காகத் தொங்கும் விளக்குகள் அல்ல. காற்று மாறினால் ஒரு கோள் என்னவாகும் என்பதற்கு நம் இருபுறமும் நிற்கும் சான்றுகள் அவை.

நீண்ட நடை

செவ்வாயைத் தாண்டியதும் இடைவெளிகள் நீளுகின்றன. 330 மீட்டரிலிருந்து 480 மீட்டர் வரை சிறுகோள்களின் பகுதி. திரைப்படங்களில் காட்டுவதுபோல் பாறைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நெரிசலாக இருப்பதில்லை. எல்லாச் சிறுகோள்களையும் சேர்த்தாலும் நிலாவில் நூற்றில் ஐந்து பங்குகூடத் தேறாது. இவற்றுள் ஒன்றைச் சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதற் சிறுகோள் ஆதலால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். நம் சாலையில் அது ஒரு தூசி. காவலூர் வான் ஆய்வுக்கூடத்தில் 1988-இல் ரா. ராஜமோகன் கண்டுபிடித்த வேறொரு சிறுகோள், கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்கியிருக்கிறது.

778 மீட்டரில் வியாழன். 14 செ.மீ. அகலம். ஒரு பம்பளிமாசுப் பழம் வைக்கலாம். மற்ற ஏழு கோள்களையும் சேர்த்து நிறுத்தாலும் இதன் பாதி எடைகூட இராது. இதன் நான்கு பெரிய நிலாக்களைக் கலிலியோ 1610-இல் கண்டார். நல்ல இருகண் நோக்கி இருந்தால் இன்று நீங்களும் காணலாம்.

1.43 கி.மீ.-இல் சனி. 12 செ.மீ.; உரித்த தேங்காய். அதைச் சுற்றி 27 செ.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி மாட்டுங்கள். ஆனால் எவ்வளவு மெல்லிய தாள் எடுத்தாலும் தடிப்பாகத்தான் இருக்கும். உண்மை வளையம் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர் கனமே உடையது. பனிக்கட்டித் துண்டுகளால் ஆனது.

2.87 கி.மீ.-இல் யுரேனஸ். 5 செ.மீ.; சிறிய கொய்யாக்காய். 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டது. சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, மறைப்பதற்கு முன்னும் பின்னும் அவ்விண்மீன் சில கணங்கள் மங்கி மங்கி ஒளிர்ந்தது. கோளைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருப்பது அதனால் வெளிப்பட்டது. அந்த மறைப்பைக் கவனித்த இடங்களுள் நமது காவலூரும் ஒன்று.

4.5 கி.மீ.-இல் நெப்டியூன். பருத்த எலுமிச்சம்பழம். இதை முதலில் தொலைநோக்கியால் தேடிப் பிடிக்கவில்லை. யுரேனஸ் தன் பாதையில் சற்றே தடுமாறுவதை வைத்து, இன்ன இடத்தில் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று லெ வெரியே கணக்கிட்டார். 1846-இல் பெர்லினில் அவ்விடத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். கோள் அங்கே இருந்தது! சூரியனை ஒருமுறை சுற்ற இதற்கு 165 ஆண்டுகள். கண்டுபிடித்த நாளிலிருந்து ஒரே ஒரு சுற்றை 2011-இல்தான் முடித்தது. புளூட்டோவையும் வைக்க விரும்பினால் சராசரித் தொலைவான 5.9 கி.மீ.-இல் ஒரு கடுகை வையுங்கள். 2006 முதல் அதைக் குறுங்கோள் என்றே வகைப்படுத்துகிறார்கள்.

ஒரு மணி நேரம் நடந்திருப்பீர்கள். வழியில் வைத்தவை ஒரு மிளகு, இரண்டு சுண்டைக்காய், ஒரு பட்டாணி, நாலைந்து காய் கனிகள். ஒரு மஞ்சள் பைக்குள் அடங்கிவிடும். மீதி அனைத்தும் வெற்றிடம். பாடநூற் படம் மறைத்துவிடும் பெரிய உண்மை இதுதான்.

ஒளியின் நடையும் அடுத்த சூரியனும்

ஒளி ஒரு வினாடியில் 3 லட்சம் கி.மீ. செல்லும். அதைவிட வேகமானது இயற்கையில் இல்லை. நம் சாலையில் அது வினாடிக்கு 30 செ.மீ.; உங்கள் பையிலுள்ள அடிக்கோலின் நீளம்! பழனிக்கு நடக்கும் அடியார்கள் வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் எட்டி வைப்பார்கள். ஒளி அவர்களுக்குப் பின்னே தவழ்ந்துதான் வரும். சந்திப்பில் புறப்பட்ட ஒளி சுண்டைக்காயை எட்ட 8 நிமிடம் 20 வினாடி. எலுமிச்சையை எட்ட 4 மணி 10 நிமிடம்.

1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்ட வாயேஜர்-1, வினாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. நம் சாலையில் நாளுக்கு ஒன்றரை மீட்டர். 2025-இல் அது சூரியனிலிருந்து சுமார் 2,500 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. நமக்கு 25 கி.மீ.; திண்டுக்கல்லைத் தாண்டிய ஓர் இடம். மனிதன் செய்த பொருள்களுள் மிகத் தொலைவு சென்றது இதுவே.

சூரியனுக்கு அடுத்த விண்மீன் பிராக்சிமா சென்டாரி. 4.24 ஒளியாண்டு தொலைவு. அதை நம் சாலையில் வைக்க எவ்வளவு தூரம் போக வேண்டும்? கணக்குப் போட்டால் 40,000 கி.மீ. வருகிறது. அது உண்மைப் பூமியின் சுற்றளவு! திண்டுக்கல் சாலையில் நேரே புறப்பட்டு, கடல்களையும் கண்டங்களையும் கடந்து உலகை ஒரு சுற்றுச் சுற்றி, வத்தலக்குண்டுச் சாலை வழியாகச் செம்பட்டிக்கே திரும்பி வந்தால், அடுத்த விண்மீனை அங்கே வைக்கலாம். இடையில் நமக்குக் குடியேற வேறு சுண்டைக்காய் ஏதும் இல்லை.

நீங்கள் செய்து பாருங்கள்

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஓர் அளவு நாடா, மஞ்சள் துணி, சமையலறைப் பொருள்கள், எட்டு அட்டைகள் போதும். ஒவ்வோர் அட்டையிலும் பொருளை ஒட்டி, பெயரையும் உண்மை அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலையில் சிறுவர்கள் தனியே இதைச் செய்ய வேண்டாம். முதல் நான்கு கோள்களைப் பள்ளி மைதானத்திலும் அதையொட்டிய தெருவிலும் வைத்துவிடலாம். மற்ற நான்கையும் ஆசிரியர் துணையோடு ஓர் ஊர்ப்பாதையில் வைக்கலாம். செம்பட்டிதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலேயே சூரியனை நிறுத்துங்கள். கோள்கள் உண்மையில் இப்படி ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. ஒவ்வொன்றும் தன் தொலைவில் தனித்தனியே சுற்றிக்கொண்டிருக்கும் என்பதையும் உடன் வருவோருக்குச் சொல்லுங்கள்.

நினைவுக்கு: புதன் 58 மீட்டர், மிளகு. வெள்ளி 108 மீட்டர், சுண்டைக்காய். பூமி 150 மீட்டர், சுண்டைக்காய். செவ்வாய் 228 மீட்டர், பட்டாணி. வியாழன் 778 மீட்டர், பம்பளிமாசு. சனி 1.43 கி.மீ., தேங்காய். யுரேனஸ் 2.87 கி.மீ., கொய்யா. நெப்டியூன் 4.5 கி.மீ., எலுமிச்சை.

அடுத்த ஏப்ரல் 17 நண்பகலில் மைதானத்தில் ஒரு கழியை நட்டு நிழலையும் பாருங்கள். வேறு ஊராயின் நாள் சற்று மாறும். சென்னைக்கு ஏப்ரல் 24, கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 அல்லது 11. அதன்பின் யாரேனும் ‘பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தொலைவு?’ என்று கேட்டால், எண்ணைச் சொல்வதோடு நில்லாமல் அவரை அழைத்துக்கொண்டு போய் 150 மீட்டர் நடந்து காட்டுங்கள்.